யார் தாள் மேலே?

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. என் கல்யாணப் பேச்சு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அப்பாவிடம் நேராகவே கேட்டேன்.

"ஏம்ப்பா, உங்களுக்கு அவனைப் புடிச்சிருக்கா, இல்லையா?"

"புடிக்காம என்ன? தங்கமான பய. அவுகப்பாவும் நல்ல மனுசன்தான்."

"அப்புறம் என்ன?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லத்தா. அவுகதான் நம்ம வீடு தேடி வந்து பொண்ணு கேக்கணும். நான் மொதல்ல போயி நின்னா நம்மூரு சிலமலையில என்னைய மதிப்பானுகளா?"

அவனும் நானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் வீடு மலைமேல், பூப்பாறைப் பக்கம். அவன் அப்பா அங்கே சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் அவரும் அதே பாட்டைத்தான் பாடினார். "பொண்ணுதானே மொதல்ல ஆசைப்பட்டுச்சு? அவுக மலையேறி வரட்டும். நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?" யார் முதலில் ஆசைப்பட்டார்கள் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அது கிடக்கட்டும். இதற்கிடையில் தேனியிலிருந்து வேறொரு வரனின் ஜாதகம் வந்து எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. இந்த இரண்டு பெரிய மனிதர்களின் வீம்பில் என் வாழ்க்கை போய்விடும் போலிருந்தது. பயமாக இருந்தது, ஆத்திரமும் வந்தது.

நான் போடியில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். வண்ணப் படங்களை மறைத்து வைப்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு படத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு புள்ளியையும் நீலம், ரோஸ், மஞ்சள் என்று மைகளாகப் பிரித்து, இரண்டு கண்ணாடித் தாள்களில் கன்னாபின்னாவென்று இறைத்துவிடுவேன். ஒரு தாளை மட்டும் எத்தனை நேரம் முறைத்துப் பார்த்தாலும் கோலப்பொடி கொட்டியதுபோலத்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரிந்துவிடும். கணினி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

அந்த வாரமே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு தாள்களாக்கினேன். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். இன்னொன்றை அவன் மூலமாக அவன் அப்பாவுக்கு அனுப்பினேன்.

"இதுக்குள்ள ஒரு படம் இருக்குப்பா. இதோட சோடி அவுககிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில போடிமெட்டு டீக்கடைக்கு அவுகளும் கொண்டாருவாக, நீங்களும் கொண்டாங்க."

போடிமெட்டு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது, யார் வீடும் இல்லை. யாரும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு அந்த வாரம் முழுக்க வேறு சோலியே ஓடவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"என்னத்தா இது, பாதித் தாளு இருக்குன்னா பாதிப் படமாச்சும் தெரியணும்ல? ஒரு காது, ஒரு மூக்கு?"

"ஒண்ணும் தெரியாதுப்பா. அவுக தாளு வந்தாத்தான் தெரியும்."

"அப்ப நம்ம தாளுக்கு என்னதான் மதிப்பு?"

"அவுக தாளுக்கு என்ன மதிப்போ அதேதான்."

அப்பா தாளை மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மலையிலிருந்து அவன் போன் செய்தான். "எங்கப்பா தாளை ஜன்னல்ல ஒட்டி வச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. மிஷினு ரிப்பேரான்னு கேக்குறாரு." நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

ஞாயிறு காலை அப்பாவும் நானும் ஜீப்பில் ஏறினோம். மேலே போகப் போக மூடுபனி. டீக்கடையில் அவனும் அவன் அப்பாவும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க." "நல்லாருக்கீகளா?" "இருக்கோம்." அதோடு பேச்சு முடிந்தது. அப்பா செய்தித்தாளில் சுற்றியிருந்த தாளை எடுத்தார். அவன் அப்பா பிளாஸ்டிக் கவரிலிருந்து தன்னுடையதை எடுத்தார்.

"ஒண்ணை மேசையில வைங்க. அதுமேல இன்னொண்ணை வைங்க" என்றேன்.

"நீங்க வைங்க" என்றார் அப்பா.

"இல்ல இல்ல, நீங்களே வைங்க" என்றார் அவர்.

ஆகா, என்ன மரியாதை என்று ஒரு நொடி நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் புரிந்தது. முதலில் வைப்பவரின் தாள் அடியில் போய்விடும். இரண்டு பேரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்!

"அட ராமா! எது மேல இருந்தாலும் அதே படம்தான் வரும்!"

"அதெப்படி? மேல இருக்குறதுதானே கண்ணுக்குத் தெரியும்?" என்றார் அவன் அப்பா. அப்பாவும் தலையை ஆட்டினார். அத்தனை மாதங்களில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு பேரையும் எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போனேன். வெளியே மூடுபனி வெள்ளைவெளேரென்று இருந்தது. "ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு, ரெண்டு தாளையும் சேத்துத் தூக்கிப் புடிங்க. இதுல மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது."

பிடித்தார்கள். வெறும் புள்ளிகள். "கொஞ்சம் இந்தப் பக்கம்... ஒரு நூலு தூக்குங்க... ஐயோ, ரொம்பப் போயிருச்சு." ஒரு மயிரிழை விலகினாலும் படம் கூடி வராது. இரண்டு பேரும் குனிந்து, தலையோடு தலை முட்டி நகர்த்தினார்கள்.

"ஆடாதீக மச்சான்" என்றார் அப்பா. உறவுமுறை தானாக வாயில் வந்துவிட்டது.

அந்த நேரம் படம் கூடியது. ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம். நிச்சயதார்த்தத் தட்டு. இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயம். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, அவனுக்கும் பயம்.

"ஏத்தா," என்றார் அப்பா மெதுவாக, "வெத்தலை ஏன் இப்படி வாடிக் கிடக்கு?"

"ரெண்டு தாளு மையும் சேந்து வெளிச்சத்தைக் கொறச்சிரும்ப்பா. பச்சை மங்கித்தான் தெரியும்."

"மஞ்சளும் பழைய சரக்காட்டம் இருக்கே" என்றார் அவன் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என் ஆராய்ச்சியில் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள்!

அவர் தாளை விடாமலே சொன்னார். "இந்த வெத்தலையத் தட்டுல வச்சா யாரு எடுப்பா? சின்னமனூர்ல கொழுந்து வெத்தலையா வாங்கிக்கிட்டு, வர்ற வியாழக்கிழமை நான் சிலமலைக்கு வர்றேன்."

"நீங்க எதுக்கு மச்சான் அலையுறீக? எனக்குப் பக்கம்தானே. நானே வாங்கிக்கிட்டு மலைக்கு வர்றேன்."

"அட, நான் வர்றேங்கிறேன்ல!"

"அதெப்படி? நான்தான் மொதல்ல வருவேன்!"

குரல் ஏறியது. டீக்கடைக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து, "போயி வெலக்கி விடவா?" என்று கேட்டான்.

"பேசாம இரு," என்றேன். "நல்லாச் சண்டை போடட்டும்."