கடலைப் பார்த்த கதிரை

முகத்தைப் பார்த்தே மனதைப் படமாகக் கீறிவிடுவேன் என்று அந்த நாட்களில் எனக்கொரு நினைப்பு. உட்துறைமுகக் கரையில் இருந்த எங்கள் வீட்டு விறாந்தையில், படத்துக்கு வந்து உட்காருபவரின் கதிரையைக் கடலை நோக்கிப் போடுவேன். பின்னேர வெயில் தண்ணீரில் பட்டு அவர் முகத்தில் நன்றாக விழும். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கீறுவேன். இழுவைப்படகு ஓட்டுநரும் கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வரும் நெல் வியாபாரியும் என் படங்களில் கடுகடுவென்றுதான் இருந்தார்கள். உழைத்து அலுத்த சனத்தின் உள்ளே இருக்கிற கோபம் அது என்று நான் விளக்கமும் சொல்வேன். அவர்களும் தலையாட்டிப் படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

துறைமுகக் கந்தோர் கிளாக்கர் ஒருவரின் மகளுக்குக் கந்தளாயில் ஆசிரியை வேலை கிடைத்தது. "பிள்ளை அங்க போனாலும் முகம் வீட்டில இருக்கட்டும்" என்று அவர் என்னிடம் படம் கேட்டார். அந்தப் பிள்ளையை உப்புவெளி பஸ்ஸில் இரண்டு வருடமாகப் பார்த்துவந்தவன் நான். ஒரு வார்த்தை கதைக்கத் துணிவு வரவில்லை.

மூன்று பின்னேரம் வந்து இருந்தாள். துணைக்கு வந்த தாய் சுவரோரம் நிழலில் இருந்து, கையோடு கொண்டுவந்த முருங்கையிலையைச் சுளகில் போட்டு ஆய்ந்தார். மகளோ முதல் நாளே புருவத்தை நெரித்தாள். அடுத்த நாள் கண்ணைச் சுருக்கி என்னை முறைத்தாள். என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை என்று நினைத்து மனம் உடைந்துபோனேன். ஆனாலும் கண்டதைக் கண்டபடி கீறி முடித்தேன்.

அவள் கிட்ட வந்து பார்த்தாள். "இது ஆர்? எங்கட பெரியம்மாவோ?"

"உள்ளதைத்தான் கீறினனான். என்னில உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டேவிட்டேன். தாயின் கை முருங்கையிலையில் அப்படியே நின்றது.

"கோபமோ? மூண்டு நாளாக் கண்ணுக்க வெயில் குத்துது. உங்கட முகம்கூட எனக்கு வடிவாத் தெரியேல்ல. இதில ஒருக்கா இருந்து பாருங்கோ."

இருந்தேன். துறைமுகத்துத் தண்ணீர் முழுவதும் கண்ணில் வந்து ஏறியது. புருவம் தானாக நெரிந்தது. படகு ஓட்டுநருக்கும் நெல் வியாபாரிக்கும் ஒரு கோபமும் இருந்திருக்காது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது.

"இப்ப என்னில உங்களுக்கு என்ன கோபம்?" என்றாள் அவள்.

"கோபமில்லை. நீங்கள் கந்தளாய்க்குப் போறதுதான் கவலை."

அவள் நிலத்தைப் பார்த்தாள். நல்லகாலம், முகம் பார்த்து மனம் அறிய அங்கே இன்னொருவர் இருந்தார். தாய் இலைச்சுளகை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"கதிரையைத் திருப்பிப் போடுங்கோ தம்பி. பிள்ளை சனிக்கிழமையில வீட்ட வருவா. அவசரமில்லை, புதுப் படத்தை ஆறுதலாக் கீறுங்கோ."

ஆறுதலாகத்தான் கீறினேன். எங்கள் கல்யாணம் முடிந்தபோதும் அந்தப் படம் முடிந்திருக்கவில்லை.