பன்னிரண்டு முதுகு தேவை

இத்தனை வருடங்களாக என் அசட்டுத்தனங்களை வாராவாரம் உங்களிடம் ஒப்பித்து வருகிறேன். ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். நான் முறையாகப் பயிற்சி பெற்ற மசாஜ்காரன்.

இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். போன வாரம் மகள் ஒரு ஸ்பாவுக்குக் கூப்பன் வாங்கிக் கொடுத்தாள். போய்க் குப்புறப் படுத்தேன். தெரபிஸ்ட் இளைஞர் பதவிசாகத்தான் ஆரம்பித்தார். படுத்தவன் சும்மா கிடக்கலாம் அல்லவா? "கட்டைவிரலை இப்படி மடக்காதீங்க தம்பி, பின்னாடி மூட்டு போயிடும்" என்றேன்.

"சாரும் இந்த லைனா?"

"ஆமாம்."

"எத்தனை வருஷம் சார் இருந்தீங்க?"

"பதினொரு நாள்" என்றேன்.

தோள்பட்டையில் அழுத்தம் கொஞ்சம் கூடியது.

கதை எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம் எங்கள் ஊர். நைனாவுக்குச் சொந்தப் படகு. அவருடைய ஒரே மகனுக்கோ, படகில் ஏறினால் வாந்தி. கடலில்தான் என்றில்லை... ஏரியில் காற்று கொஞ்சம் புரண்டாலே போதும். "புள்ள மீனுக்கு எரை போடுது" என்பார்கள். பொன்னேரிக்குப் போய் பி.ஏ. சேர்ந்தேன், மூன்று வருடம் நாவலாகப் படித்துத் தள்ளினேன், நான்கு பேப்பர் அரியர்ஸோடு திரும்பினேன். நைனா ரத்தினச் சுருக்கமாகச் சொன்னார்: "ஒரு வேலைக்குப் போ. இல்லன்னா படகுல ஏறு."

அந்த நேரம் பார்த்து மெட்ராஸில் ஒரு பெரிய ஓட்டல் ஹெல்த் கிளப் திறந்தது. ஸ்பா என்ற சொல்லெல்லாம் அப்போது நம் பக்கம் வரவில்லை. மசாஜ் பழக ஆள் எடுத்தார்கள். படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. நகம் வெட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் தேறினேன்.

வீட்டில் "ஓட்டல்ல ட்ரெய்னிங்" என்றேன். பரோட்டா போடப் போகிறேன் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

பயிற்சி கொடுத்தவர் சாலமன் மாஸ்டர். முதல் இரண்டு மாதமும் மணல் நிரப்பிய ஒரு தலையணைதான் எங்கள் வாடிக்கையாளர். "அது தூங்குற வரைக்கும் பிடி" என்பார். தலையணை தூங்கிவிட்டதா என்று எப்படி சார் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். "நீ வாயை மூடினா தூங்கிடும்" என்றார்.

மூன்றாம் மாதம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பெயர், கருத்து, கையெழுத்து என்று மூன்று கட்டம்; ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண். "ஒரு வாரம் ஊருக்குப் போங்க. பன்னெண்டு பேருக்கு முதுகு பிடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நோட்டு நிறைஞ்சாத்தான் பிராக்டிகல். நிறையலையா, திரும்பி வர வேணாம்."

பன்னிரண்டு முதுகு. குப்பத்தில் முதுகுக்கா பஞ்சம்? வலை இழுத்து இழுத்து ஒவ்வொன்றும் கட்டுமரம் மாதிரி இறுகிக் கிடக்கும். நோட்டு இரண்டே நாளில் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஏகாம்பரம் மாமா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பின்னால் போய்த் தோளில் கை வைத்தேன்.

"இன்னாடா?"

"சும்மா படு மாமா. முதுகு பிடிச்சி வுடறேன்."

"ஏன், எனுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் பிடிக்கிறது."

மாமா ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனுசனைப் படுக்கப் போட்டு, எண்ண வெச்சி, நாலு பேரு சுத்தி நின்னுகினு பாக்கிறது ஒரே ஒரு நாளுதான்டா. அன்னிக்கி வா. இப்ப போ."

சுளுக்கினால் எண்ணெய் விட்டு நீவி வழிப்பார்கள், அவ்வளவுதான். நன்றாக இருக்கிற உடம்பைப் படுக்க வைத்து உபசரிப்பது எங்கள் பக்கம் அபசகுனம். செய்தி பரவிவிட்டது. நான் தெருவில் வந்தால் எல்லோரும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஐந்து நாள் போயிற்று. ஒரு முதுகுகூடத் தேறவில்லை. கனவில் படகு ஆடியது... எனக்குக் கனவிலேயே குமட்டியது.

ஆறாம் நாள் காலை, நோட்டும் கையுமாக ஏரிக்கரையில் நின்றேன். பஷீர் பாய் அங்கே இறால் வாங்க வந்திருந்தார். பழவேற்காட்டுப் பழைய வியாபாரக் குடும்பம். யாரிடமும் மரியாதையாகப் பேசுவார்.

"ஓட்டல்ல இன்னா வேலை தம்பி?"

மசாஜ் என்றால் அவருக்குப் புரியாது. பிடித்துவிடுவது என்றாலோ, ஏகாம்பரம் மாமா ஏற்கெனவே ஊரைக் கிளப்பிவிட்டிருந்தார். வேறு சொல் தேடினேன். அவ்வளவு நாவல் படித்தவனுக்குச் சொல்லுக்கா பஞ்சம்?

"தடவுற வேலை, பாய்."

மற்ற ஊர்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, எங்கள் ஏரிக்கரையில் ஒரே பொருள்தான். தண்ணீருக்குள் குந்தி, சேற்றில் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவி, அகப்படும் இறாலைக் கையாலேயே பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பனையோலைக் கூடையில் போடுவது. அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். வலையும் படகும் இல்லாதவர்கள் செய்யும் தொழில்.

பக்கத்தில் பறியைக் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா அக்கா தலையைத் திருப்பினார். இறால் தடவுவதில் அவரைவிட வேகமான கை அந்த ஏரியில் கிடையாது.

"அத்தக் கத்துக்கவா மெட்ராஸ் போன?"

"பெரிய ஓட்டலு இல்லியா" என்று பாய் எனக்காகப் பரிந்து பேசினார். "தெனம் எறா வேணுமே. சொந்தமா ஆளு வெச்சிக்கிறாங்க போல."

திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் நோட்டைப் பார்த்துவிட்டார். "இன்னா இது, சாட்சிக் கையெழுத்தா? பன்னெண்டு பேருதானே? இங்கியே இருக்கிறாங்களே."

வாயை மூடிக்கொண்டேன். ஒரு பக்கம் நைனாவின் படகு. ஒரு பக்கம் பன்னிரண்டு கையெழுத்து. நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் நீங்கள் நல்ல வேலையில் இருக்கிறீர்கள், நான் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கன்னியம்மா அக்கா சும்மா கைநாட்டு வைக்கிற ஆளில்லை. "தடவிக் காட்டட்டும். பாத்துட்டு வெக்கிறேன்" என்று தன் பறியை நீட்டினார்.

பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏகாம்பரம் மாமாகூட வலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பறியைப் பல்லில் கடித்ததுமே ஒன்று விளங்கியது — இந்தத் தொழிலில் பேச முடியாது. எனக்குச் சரிப்பட்டு வராது. சேற்றில் கையை விட்டேன். மூன்று மாதப் பழக்கம் விடுமா? வட்ட வட்டமாக, மேலிருந்து கீழாக, சீராக... ஏரிக்கு மசாஜ் செய்துகொண்டிருந்தேன்.

"மாவு பெசையறியா?" என்றார் அக்கா கரையிலிருந்து. "உனுக்காவ எறா உக்காந்துகினு இருக்குமா?"

அரை மணி நேரத்தில் ஒரே ஒரு இறால் அகப்பட்டது. அதைப் பறியில் போட்டு மறுபடி கையை விட்டதும், ஒரு நண்டு வலது கட்டைவிரலைக் கவ்வியது. கத்தினேன். கத்த வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். பறி கவிழ்ந்தது. இறால் போயிற்று.

சிரித்து ஓய்ந்ததும், சொன்ன வாக்கை யாரும் மீறவில்லை. அவரவர் சொல்லச் சொல்ல, பாய் தன் அழகான கையெழுத்தில் கருத்தை எழுதினார். பன்னிரண்டு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள்.

திங்கட்கிழமை சாலமன் மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைச் சத்தமாகப் படித்தார்.

"'அரை மணி நேரம் விடாமல் தடவினார்.' குட். 'மாவு பிசைவதுபோல் உள்ளது. போகப் போகச் சரியாகும்.' ம்... 'பொறுமையான பிள்ளை. ஆனால் ஒன்றுதான் கிடைத்தது.'" நிமிர்ந்தார். "என்ன கிடைச்சது?"

நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"'கத்தியதில் அதுவும் போய்விட்டது.' யாருய்யா கத்தினது?"

"நான்தான் சார்."

"முதுகு பிடிக்கிறவன் நீ ஏன்யா கத்தின?"

வீங்கிய கட்டைவிரலைக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போவது நிச்சயம்; சொல்லிவிட்டாவது போவோமே. மாமா, பாய், பறி, நண்டு... மாஸ்டர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குனிந்து சிரித்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டது.

என் பிராக்டிகல் அதுதான். கட்டைவிரல் உதவாது. உள்ளங்கையையும் முழங்கையையும் வைத்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, முதன்முதலாக ஒரு நிஜ முதுகைப் பிடித்தேன். முடித்ததும் மாஸ்டரைக் காரில் தூக்கிப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பாஸ். எப்படி என்கிறீர்களா? மாஸ்டர் படுத்துவிட்டால் மறுநாள் வருகிற கெஸ்ட்டுகளுக்கு ஓர் ஆள் குறையாதா?

பதினோராம் நாள் மாஸ்டர் நிமிர்ந்து நடந்து வந்தார். என் மேல் வந்திருந்த புகார்களை அவரிடம் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே புகார்தான்.

"உன் கை ஒண்ணும் மோசமில்ல" என்றார் மாஸ்டர். "ஆனா இங்க வர்றவன் தூங்க வர்றான். நீ கதை சொல்லி எழுப்பி விடற."

நல்ல மனிதர். போ என்று மட்டும் சொல்லாமல், மைத்துனரின் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்த்துவிட்டார். படகிலிருந்து தப்பினேன். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அந்த நோட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புதான். பெரிய மனிதர்களின் பாராட்டுப் பத்திரங்களை மேடையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதே சந்தேகம் வரும். எழுதியிருப்பதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். எதைத் தடவினார் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

ஓட்டல் வேலை போன செய்தியோடு ஊருக்குப் போன அன்று, நைனா எனக்கு முகம் கொடுக்கவில்லை. இறால் கொண்டுவந்த கன்னியம்மா அக்காதான் வாசலில் நின்று எனக்காக வாதாடினார்.

"அவன் மேல தப்பு இல்லண்ணே. நான் நல்லா விசாரிச்சிட்டேன். அந்த ஓட்டல்ல இருக்கிறது நீச்சல் குளமாம். அதுல எறா எங்கேர்ந்து வரும்?"