ராத்தாவின் மருந்தை நான் குடித்த நாள்

பிள்ளைகளே, பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன். ஆனால் நான் கலகெதரையில் மருந்து கலக்கிக் கொடுத்த காலத்தில் நடந்த ஒன்றை எழுதிவைக்க வேண்டும் போல் இருக்கிறது. நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கண்டியிலிருந்து குருநாகல் போகும் பாதையில், கடைவரிசையின் கடைசியில், யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் சிறியதாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். அவர் நோயாளியைப் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுப்பார். உள் அறையில் நான் அந்த மருந்தைக் கலந்து, ஆட்கள் கொண்டுவரும் போத்தலில் ஊற்றுவேன். வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசி ஒன்றைப் போத்தலில் ஒட்டுவேன். ஒரு பல் ஒரு வேளை. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மருந்துப் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். என்றாலும் என் கை அளவு பிசகாது என்று டொக்டருக்கு நம்பிக்கை இருந்தது.

எங்களிடம் வாரம் தவறாமல் ஒரு ராத்தா வருவார். நம்முடைய ஆட்கள்தான், எனக்கு ஒரு மூத்த அக்கா போல; கணவர் மௌத்தாகி அவர் தனியாளாகி இரண்டு வருஷம். நெஞ்சு படபடக்கிறது, கண் மூடினால் நித்திரை வருவதில்லை என்பார். டொக்டர் நெஞ்சுக்குழாய் வைத்து நாலு தரம் சோதித்துப் பார்த்தார். ஒரு நோயும் இல்லை. அப்படிச் சொன்னபோது ராத்தா அழுதார். அடுத்த முறை டொக்டர் ஒரு துண்டு எழுதினார். சீனிப்பாகு, பெப்பர்மின்ட் தண்ணீர், ஒரு துளி சிவப்புச் சாயம். அவ்வளவுதான்.

“ஐயா, இதில மருந்து ஒண்டும் இல்லையே” என்றேன்.

“ஓம். அது உமக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். மருந்தறையில நடக்கிறது மருந்தறையோட. விளங்குதே?”

விளங்கியது என்று சொன்னேன். அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடித்து ராத்தா நன்றாக உறங்கினார். முகம் தெளிந்தது. “டொக்டர்ட கைராசி” என்று ஊரெல்லாம் சொன்னார். இதில் என்ன பாவம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் காய்ச்சல் வருஷம் வந்தது. வீட்டுக்கு வீடு மலேரியா. டொக்டர் காலையிலேயே கிராமங்களுக்குப் போய்விடுவார். காய்ச்சல்காரருக்கு எந்த வயதுக்கு எவ்வளவு கொயினா, அதாவது குயினைன் மருந்து, என்று எழுதி என்னிடம் தந்திருந்தார். கொயினாவின் கசப்பு உங்களுக்குத் தெரியாது. பெரிய மனிதர்களே முகத்தைச் சுளித்துத் துப்புவார்கள்.

ஒரு நாள் முற்பகல், தவணைக்கு மூன்று நாள் முந்தியே ராத்தா வெறும் போத்தலோடு வந்தார்.

“அதுக்குள்ள முடிஞ்சா ராத்தா?”

“நான் மட்டுமா குடிச்ச? பக்கத்து வீட்டுப் புள்ளக்கிக் காய்ச்சல், தம்பி. நாலு வயசு. கொயினா குடுத்தாத் துப்புது. என்ட மருந்தக் குடுத்தா இன்னம் தா எண்டு கேக்குது. ரெண்டு நாளா அதத்தான் குடுக்கிற.”

நாலு வயதுக் குழந்தை, மலேரியா, இரண்டு நாளாக வெறும் சீனித் தண்ணீர். உள்ளதைச் சொன்னால் ராத்தாவின் நித்திரையும் போகும், டொக்டரின் சொல்லும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றியது. போத்தலை நிரப்பிக்கொண்டே சொன்னேன்:

“அது உங்கட உடம்புக்கு அளந்து போட்ட மருந்து ராத்தா. மத்த ஆள் குடிச்சா நஞ்சு. புள்ளக்கி இனிக் குடுக்க வாணாம். கொயினாதான் குடுக்கோணும்.”

ராத்தா போத்தலை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஒரு மணித்தியாலம் போயிருக்காது. ராத்தாவும் அந்தப் பிள்ளையின் தாயும் வந்தார்கள். தாய், பாதை வேலைக்கு வந்து தங்கிய மலைநாட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது. நஞ்சு வெளியே வரட்டும் என்று உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு அதுவும் சேர்ந்து பிள்ளைக்கு அழக்கூடச் சத்து இல்லை.

“எம்புள்ளைக்கு நஞ்சு குடுத்துட்டாங்களாமே, நெசந்தானாங்க?”

“நஞ்சில்ல தாயி. அதுல ஒரு கெடுதியும் இல்ல.”

“காலைல நஞ்சுன்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான்.”

“அப்ப காலைல பொய் சொன்னீங்களா, இப்ப சொல்றீங்களா?”

நான் கொயினாப் போத்தலை எடுத்து நீட்டினேன். தாய் கொயினாவையும் வாங்க மறுத்தாள். “ஒங்க கையால எதுவும் வேணாம். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றாள். பஸ் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ராத்தாவின் கையில் இருந்த போத்தலை வாங்கி, மூடியைக் கழற்றி, எட்டு வேளை மருந்தையும் அவர்கள் முன்னால் நின்றபடியே குடித்து முடித்தேன். சீனிப்பாகு தொண்டையில் ஒட்டியது.

எனக்கு ஏதும் ஆகிறதா என்று தாய் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்தினாள். “குடுங்க” என்றாள். கொயினாவைத் தேனில் குழைத்தேன். அவள் மூக்கைப் பிடிக்க, நான் ஊற்றினேன். பாதி துப்பியது. மறுபடி ஊற்றினேன்.

ராத்தா கதவுப்பக்கம் நின்றிருந்தார்.

“முழுசும் குடிச்சிட்டீங்க. உங்களுக்கு ஒண்டும் ஆகாதா, தம்பி?”

“ஆகாது ராத்தா.”

“அப்ப எனக்கு மட்டும் என்னத்துக்கு அது?”

நான் கொயினாப் போத்தலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தியில் டொக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நஞ்செண்டு சொல்லச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல்ல ஐயா. உள்ளதச் சொல்லக்கூடாதெண்டு நீங்கதான்...”

“ஓம். நான்தான் சொன்னனான்.” கதிரையில் சாய்ந்து நெற்றியைத் தடவினார். “என்ர பொய் ஒருத்தருக்கும் கெடுதி செய்யாதெண்டு நினைச்சன். அது பக்கத்து வீட்டுக்கும் போகுமெண்டு நினைக்கேல்லை.” பிறகு என்னைப் பார்த்தார். “எட்டு வேளையையும் ஒரேயடியாக் குடிச்சீராமே. இண்டைக்கு உமக்கு நல்லா நித்திரை வரும்.”

வரவில்லை.

பிள்ளை தப்பியது. பத்து நாள் கொயினா குடித்துக் காய்ச்சல் விட்டது. அதற்கு அல்லாஹ்வைப் புகழ்கிறேன். ஆனால் ராத்தா மருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். படபடப்பு திரும்பி வந்துவிட்டதாகவும், விடியும்வரை விழித்திருப்பதாகவும் அந்தத் தாய்தான் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்துச் சந்தையில் கண்டேன். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொல்லிவிட்டு, கூடையைக் கீழே வைத்தார்.

“தம்பி, ஒண்டு கேக்கோணும். அதத் தரக்குள்ள டொக்டர் என்னப் பாத்துச் சிரிச்சாரா?”

“இல்ல ராத்தா. ஒரு நாளும் இல்ல.”

அது உண்மை. டொக்டர் ஒருபோதும் சிரித்ததில்லை. சாயத் துளி விடும்போது நான்தான் சில நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராத்தாவின் முகம் கொஞ்சம் இளகியது போல் தெரிந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூப்பிட்டுச் சொல்லுவோமா என்று இரண்டு எட்டு வைத்தேன். சொன்னால் யாருக்கு நிம்மதி, அவருக்கா எனக்கா என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.