கைப்பிடியில் கட்டிய டியூப்

2007-இல், ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. ஓய்வு பெற்ற பிறகு, சும்மா கிடந்த மண்ணைக் கிளறிக் கத்தரியும் வெண்டையும் போடலாம் என்று அருகிலிருந்த மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில், பின்னால் நடந்தபடி ஓட்டும் சின்ன டில்லரை வாடகைக்கு எடுத்தேன்.

எதையும் எண்ணிப் பார்த்து வாங்குகிறவன் நான். மண்ணைக் கிளறும் பிளேடுகள் இருபத்து நான்கும் சரியாக இருந்தன. ஆனால் கைப்பிடி லீவரைச் சைக்கிள் டியூபால் இறுகக் கட்டியிருந்தார்கள். கையை எடுத்தால் மெஷின் நிற்பதற்குத்தானே அந்த லீவர்? அவிழ்க்கச் சொன்னேன்.

"அதப் புடிச்சிக்கினே இருந்தா கை செத்துப்பூடும் சார். எல்லாரும் கட்டித்தான் ஓட்றாங்க" என்றார் கடைக்காரர். தினமும் இதே தொழிலில் இருப்பவர் சொல்கிறாரே என்று நம்பினேன்.

முன்னோக்கி ஓடியவரைக்கும் தொல்லையில்லை. மதில் ஓரத்தில் திருப்புவதற்காக ரிவர்ஸ் கியர் போட்டதும் மெஷின் என் மேலேயே வந்தது. இரண்டு கைகளையும் எடுத்தேன், நிற்கவில்லை. முதுகு மதிலோடு ஒட்டிக்கொண்டது, கைப்பிடி நெஞ்சை அழுத்தியது. நிறுத்தும் சுவிட்ச் எஞ்சினில் இருந்தது, எட்டவில்லை. வேட்டி நுனியைப் பிளேடு சுருட்டி இழுக்க ஆரம்பித்தது. என் பாதத்துக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை.

அலறினேன். பக்கத்து வீட்டு வாசலில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த மீன்கார அம்மாள் கத்தியோடு ஓடிவந்தார்.

"அந்த டியூப அறும்மா!"

ஒரே இழுப்பு. லீவர் விடுபட்டது, பிளேடுகள் நின்றன.

"ஏன் பெரியவரே, வெண்ட போட வந்தியா, உசுர உட வந்தியா? வேட்டியக் கட்டிக்கினு மெஷின்கிட்ட இன்னா வேல?" என்று திட்டித் தீர்த்தார்.

அன்றே மெஷினோடு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டே வேறொரு டியூபை எடுத்து, என் கண்ணெதிரே அதே லீவரில் சுற்றினார். "ஒங்களுக்குப் பழக்கமில்ல சார்" என்று எனக்குப் புத்தி வேறு! அடுத்ததாக அதை எடுத்துப்போக ஒருவர் காத்திருந்தார். அவரிடம் என் கிழிந்த வேட்டியை விரித்துக் காட்டினேன்.

"டியூப அவுத்துட்டே குடுங்க" என்றார் அவர். கடைக்காரர் என்னை முறைத்தார்.

இன்றும் எங்கே டில்லர் சத்தம் கேட்டாலும் நின்று கைப்பிடியைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். கையை விட்டால் நிற்க வேண்டியதை நிற்காதபடி கட்டிக் கொடுத்துவிட்டு, அதை வசதி என்று சொல்கிறவர்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.