திருப்புளி மாமா திறந்த ரெக்கார்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் கடைத் தெருவில் திருப்புளி என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் முப்பது வருடமாகத் திருப்புளியைச் செருகிக்கொண்டு திரிகிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கல்யாண ஆல்பத்தில்கூட அது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் அக்கா முறைத்துக்கொண்டு நிற்பாள்.

பழைய கம்ப்யூட்டர்களைச் சாக விடாமல் பார்த்துக்கொள்வது அவர் தொழில். அச்சகம், மருந்துக் கடை, பல் டாக்டர் என்று தெருவில் பாதிப் பேரின் மெஷின் அவர் தயவில்தான் ஓடியது. கெட்டிக்காரர், அதைவிடப் பிடிவாதக்காரர். டேட்டாவை மீட்டதும் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒரு ரெக்கார்டைத் திறப்பார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்பார். பல் டாக்டரிடம் தன்னுடைய கடைவாய்ப் பல். என் கடையில் அக்காவின் கண். "வலது மைனஸ் ரெண்டு, இடது மைனஸ் ஒண்ணே முக்கால்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

நான் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவன். என் கடைக் கம்ப்யூட்டருக்குப் பதினாறு வயது. அக்கா இறந்து ஏழாவது மாதம், ஒரு காலையில் அது எழுந்திருக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காரணம் இதுதான். மாமாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்திருந்த மாதம், அக்காவுக்குத் தலைவலி வந்தது. பவர் மாறியிருக்கும், தம்பியிடம் போய்க் காட்டு என்று மாமாதான் அனுப்பினார். பார்த்தேன். இடது கண்ணின் பார்வை குறைந்திருந்தது, ஓரப் பார்வை சுத்தமாக இல்லை. இது கண்ணாடி சமாச்சாரம் அல்ல, தலைக்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கே ஸ்கேன் எடு என்றேன்.

"அவர் எழுந்து நடமாடட்டும்டா. இப்ப சொன்னா அந்த நெஞ்சு தாங்காது. ஒரே ஒரு மாசம்" என்றாள். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் கொடுத்துத் தொலைத்தேன். அப்புறம் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் முன்னைவிட மோசம். ஒரு மாதம் நாலு மாதம் ஆயிற்று. பிறகு குளியலறையில் விழுந்தாள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். "அவளுக்கே தெரியாதே டாக்டர்" என்றார் மாமா. நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

மூன்று தடவையும் கண்டதைக் கண்டபடி தேதி போட்டுப் பதிந்திருந்தேன். அது தொழில் புத்தி. அவள் போன பிறகு அழித்திருக்கலாம். மவுஸ் வரைக்கும் கை போகும், அதற்கு மேல் போகாது.

"தூக்கிப் போடுங்க மாமா, நான் புதுசு வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒம்போதாயிரம் பேர் கண்ணு இதுல இருக்கு. தூக்கிப் போடறதாம். உங்க அக்கா இருந்தா உன்னை உதைச்சிருப்பா" என்றார்.

பெட்டியைத் திறந்தார். மதர்போர்டில் நாலைந்து கப்பாசிட்டர்கள் வயிறு உப்பிக் கிடந்தன. மூடிப்போன ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் மெஷினிலிருந்து அதே ரகப் போர்டைக் கழற்றி வந்து மாட்டினார். ஹார்ட் டிஸ்க்தான் படுத்தியது. சுற்றும்போதே டிக் டிக்கென்று இருமியது. அது சூடாகாமல் இருக்க மேஜை ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு, புது டிஸ்க்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பி எடுத்தார். படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார். அந்த ஒரு ரெக்கார்டு மட்டும் வராமல் போகட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மத்தியானம் காப்பி எடுத்து முடிந்தது. மெஷின் எழுந்தது, ப்ரோகிராம் திறந்தது. மாமா முகத்தில் ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அக்காவின் பெயரைத் தட்டினார்.

சிரிப்பு நின்றுவிட்டது. திரையின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மாப்ள, இது தப்பா வந்திருக்கு."

நான் லென்ஸ் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான் அனுப்பினது ஒரே தடவை. கண்ணு நல்லாருக்குன்னுதான் வந்து சொன்னா. இங்க பாரு, ஒன்றரை மாசத்துல மூணு தேதி. போர்டுல இருக்கற ஏழு வரியில இடது கண்ணு படிச்சது மூணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. வேற யாரோட கண்ணோ இதுல கலந்துடுச்சு."

பழைய காகித அட்டைகளை அலமாரியிலிருந்து இறக்கி, பன்னிரண்டு பேருடையதைத் திரையோடு வைத்துச் சரிபார்த்தார். பன்னிரண்டும் சரியாக இருந்தன. மறுபடியும் அக்காவுடையதைத் திறந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் கை முன்ன மாதிரி இல்ல மாப்ள. ஒண்ணு தப்புன்னா எதையும் நம்ப முடியாது. போயும் போயும் உன் கடையிலயே கோட்டை விட்டுட்டேன். இந்தத் தொழிலையே விட்டுடலாம்னு தோணுது."

நான் சும்மா இருந்தால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். மூன்று நாளாக நான் வேண்டியதைவிட நல்லதாகவே நடந்துவிட்டது. அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க டிஸ்க்கைக் கழற்றப் போனார். திருகில் நிற்காமல் திருப்புளி வழுக்கியது. அவர் கையில் அது வழுக்கி நான் பார்த்ததே இல்லை. பெண்டாட்டியும் போய், இப்போது என்னால் தொழிலும் போகப் போகிறது.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு மாமா. டேட்டா சரியா வந்திருக்கு. அது அக்கா கண்ணுதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தையும் சொன்னேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. நான் சொல்லி முடித்ததும் திரையில் இருந்த மூன்று தேதிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"பயந்தாளா?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏற்கெனவே மறைத்தது போதும்.

"பயந்தா மாமா. மூணாவது தடவை இந்த ஸ்டூல்ல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதா. என்னால சமாதானம் பண்ண முடியல. அப்புறம் அவளே மணியைப் பார்த்தா. ஆறு மணிக்கு உங்களுக்கு மாத்திரை குடுக்கணும்னு முகத்தைக் கழுவிட்டு ஓடினா."

மாமா தலையை ஆட்டினார்.

"ஆமா. ஒரு நாள்கூட அவ ஆறு மணியைத் தாண்ட விட்டதில்ல."