பதினைந்தாவது டேக்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் ஒரு சினிமாவை வைத்துச் சண்டை. படம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் பொங்கல், தீபாவளி என்று எது வந்தாலும் டிவிக்காரர்கள் அதைத்தான் தூக்கிப் போடுகிறார்கள், ஜனங்களும் முதல் தடவை பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"கடைசி இருவது நிமிசத்துல ஊரே திருந்துதுன்னா நம்புத மாரியா இருக்கு? காமெடி எல்லாம் சரி. லாஜிக் வேண்டாமா?" என்றார் கணக்கு சார்.

தமிழ் டீச்சருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "லாஜிக் வேணும்னா உங்க கணக்குப் புஸ்தகத்தையே படிங்க சார். நான் நாலு தடவ பாத்தேன், நாலு தடவயும் அழுதேன். படம் எடுபடுதா இல்லையான்னு பாக்க வேற என்ன அளவு இருக்கு?"

பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "உங்க ஊர்லதான டீச்சர் எடுத்தாவ? நீங்க சொல்லுங்க. எடுபடுதா, இல்லையா?"

எனக்கு எட்டாம் வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வகுப்பெல்லாம் ஒன்றும் இல்லை. குடிதண்ணீர்க் குழாயடியில் மணி அடிக்கும்வரை சும்மா நின்றுகொண்டிருந்தேன். என்னத்தைச் சொல்ல?

சொல்வதென்றால் சித்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. என்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, கீழத்தெருவில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு தென்காசிக்குப் போய்விட்டாள். கீழத்தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால்தான், சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடும். ஆனால் பெரியவர்கள் யாரும் தாண்டமாட்டார்கள்.

மறுநாள் காலை மாமா எங்கள் எல்லோரையும் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன், மிலிட்டரியிலிருந்து திரும்பி வந்தவர், எங்கள் எதிர்வீடு. அவர் சொன்னால் சொன்னதுதான், என் அப்பா உட்பட ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை. பம்புசெட்டைப் போடச் சொல்லி, வரிசையாக எல்லோரும் தலைமுழுகினோம். செத்துப்போனவர்களுக்கு முழுகுவதுபோல முழுகி, ஈரத்தோடு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம். எனக்கானால் ஒரே கொண்டாட்டம். பம்புசெட்டில் குளிக்க வாராவாரம் கெஞ்சினாலும் விடாதவர்கள், அன்று அவர்களே கூட்டிப் போனார்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவோமா என்று கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

மூன்று வருஷம் கழித்து ஷூட்டிங் வந்தது. சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தி பூத்தால் சினிமாக்காரர்கள் வருவது வழக்கம்தான். எங்கள் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி இருப்பதால் பாட்டுக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை ஒரு முழுப் படத்தையே எங்கள் தெருவில் எடுப்பதென்று வந்து இறங்கினார்கள்.

கதை இதுதான். ஒரே ஊரில் இரண்டு தெரு. இரண்டுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதில் போட்டி, அந்தத் தெருவில் சாமி பாட்டு போட்டால் இந்தத் தெருவில் அதைவிடச் சத்தமாகப் போடுவார்கள், ஊர்க் கிழவருக்குக் காது செவிடாகும், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், இப்படியே சிரிப்பாகப் போகும். கடைசியில், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணை அதே ஸ்பீக்கரில் பேர் சொல்லி ஊரே கூப்பிடும். அவள் கைக்குழந்தையோடு வருவாள். ஊர் ஓடிப்போய் அழைத்து வந்து ஆரத்தி எடுத்து, இரண்டு தெருவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். சுபம்.

இந்தக் கதையை எங்கள் தெருவில் எடுத்தார்கள். எங்கள் தெருக்காரர்களை வைத்தே எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மாமாவின் மீசையைப் பார்த்ததும் டைரக்டருக்குப் பிடித்துப்போய், வந்த பெண்ணின் குழந்தையைக் கையில் வாங்கும் பெரியவர் அவர்தான் என்று முடிவாயிற்று. ஆரத்தி எடுக்கும் அக்காவாக யாரைப் போடலாம் என்று தேடியவர்கள் என் அம்மாவைப் பிடித்தார்கள். அம்மா வேற்று ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள். முடியவே முடியாது என்றாள். மாமாதான், "போ, சும்மா நின்னுட்டு வா. நம்ம தெருப்பேரு வெளிய தெரியட்டும்" என்றார்.

"வாம்மா" என்று சொல்லி ஆரத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவுக்கு வேலை. ஓடிப்போன தங்கையாக நடித்த பெண் பச்சைச் சேலையில் கரண்டுக் கம்பத்தடியில் வந்து நின்றாள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். "அக்கா, வந்துட்டேன்" என்றாள். அம்மா "வாம்மா" என்று சொல்லவில்லை. "வாட்டி... உள்ள வா. எத்தன நாளாச்சி!" என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கிளிசரின் பாட்டிலோடு நின்ற பையன் வாயைப் பிளந்துவிட்டான்.

ஆனால் மேற்கேயிருந்து சாரல் வந்து வந்து கெடுத்தது. ஒரு தடவை கேமராவில் தண்ணீர், ஒரு தடவை குழந்தை தூங்கிப்போயிற்று, ஒரு தடவை மாமா கேமராவையே பார்த்துவிட்டார். பதினாலு தடவை எடுத்தார்கள். பதினாலு தடவையும் அம்மா அழுதாள். பதினாலாவது முடிந்ததும் டைரக்டர் கைதட்டி, ஓகே, எல்லோரும் போகலாம் என்றார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அம்மா தட்டைக் கீழே வைக்காமல் டைரக்டரிடம் போய், "சார், இன்னொரு தடவ எடுப்பியளா?" என்று கேட்டாள்.

தெருவே சிரித்தது. அப்பாகூடச் சிரித்தார். டைரக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெயிலும் அப்போதுதான் நன்றாக விழுந்தது, எடுத்தார். அந்தப் பதினைந்தாவதுதான் படத்தில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அம்மாவுக்கு 'நடிகை' என்று பேராகிவிட்டது.

மறுநாள் பந்தி எடுத்தார்கள். டைரக்டர் இரண்டு தெரு ஆட்களையும் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கலைத்து உட்கார வைத்தார். நிஜமான சோறு, நிஜமான சாம்பார், கூட்டு, பாயசம். நான் அப்பாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாய்வரை கொண்டுபோனார், மென்றார். ஆனால் உருண்டை கையிலேயே இருந்தது. மாமாவைப் பார்த்தேன், அவரும் அப்படித்தான். எங்கள் தெரு ஆம்பளைகள் அத்தனை பேரும் வெறும் வாயை அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கீழத்தெருக்காரர்கள் நிஜமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'கட்' என்றதும் எங்கள் ஆட்கள் இலையை மூடிவிட்டு எழுந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஷூட்டிங் சோறு வயித்துக்கு ஆவாதுட்டி" என்றார் அப்பா. நான் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்திருந்ததால் ராத்திரி முழுக்க வயிற்றுவலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த சித்திரையில் படம் வந்தது. வேன் பிடித்துத் தென்காசிக்குப் போய்த் தெருவே பார்த்தோம். ஸ்பீக்கர் சண்டைக்குத் தியேட்டர் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. அம்மா "வாட்டி" என்றதும் பின்வரிசையிலிருந்தெல்லாம் விசும்பல் கேட்டது. மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். பந்தி வந்தது. திரையில் அப்பா சாப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நம்ப முடியாத அளவுக்கு நன்றாகச் சாப்பிட்டார். கையிலேயே இருந்த உருண்டையை நேரில் பார்த்த நானே நம்பிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றால சீசன் தொடங்கியதும் ஒரு நாள் ஐந்தருவிக்குப் போனோம். பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். சோப்பு, சீயக்காய், துண்டு எல்லாம் தொங்கவிட்ட ஒரு கடையிலிருந்து, "ஏட்டி!" என்று ஒரு குரல். சித்தி. சீசனுக்குக் கடை போட்டிருந்தாள். மடியில் ஒரு வயதுக் குழந்தை. அதற்கு என் அம்மாவின் மூக்கு.

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு முதல் கேள்வியே இதுதான்: "படத்த மூணு தடவ பாத்தேன்ட்டி. அக்கா நெசமாவே அழுதாளா? இல்ல மருந்து போட்டாவளா?"

"மருந்தே போடல சித்தி. பதினஞ்சு தடவயும் நெசமா அழுதா."

"அண்ணன்? அந்தப் பிள்ளைய வாங்கும்போது அண்ணன் மொகத்தப் பாத்தியா நீ?"

"மாமாவா? ஷூட்டிங் முடிஞ்ச பொறவும் அந்தப் பிள்ளைய கீழ விடவே இல்ல." இது உண்மைதான். வாடகைக்கு வந்த குழந்தைக்கு அவர் பலூன்கூட வாங்கிக் கொடுத்தார்.

சித்தி மடியிலிருந்த குழந்தையின் தலையைக் கோதினாள். பிறகு மெதுவாக, "நான் வந்தா வீட்டுல சேத்துக்கிடுவாவளாட்டி?" என்று கேட்டாள்.

பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது! ஆனால் அவளுக்குக் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

"வாங்க சித்தி. எல்லாரும் மாறிட்டாவ. கீழத்தெருவும் நம்ம தெருவும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாவ. நானே பாத்தேன்" என்றேன்.

என் வாயில் மண்ணை அள்ளிப் போட! நான் பார்த்ததுதான் வேறாயிற்றே.

"வார ஞாயித்துக்கிழம வாரேன். யார்ட்டயும் சொல்லாத. படத்துல மாரி திடீர்னு வந்து நிக்கணும்" என்று சொல்லிச் சித்தி சிரித்தாள். ஒரு மஞ்சள் சோப்பை என் கையில் திணித்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு யாருக்கும் தெரியாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்பொடியும் சுண்ணாம்பும் போட்டுச் சிவக்கக் கரைத்து, நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். படத்தில் தட்டு தயாராக இருந்ததல்லவா?

பதினோரு மணிக்குத் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. சித்தப்பா ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். சித்தி குழந்தையோடு இறங்கி நடந்து வந்தாள். பச்சைச் சேலை. நேராக அந்தக் கரண்டுக் கம்பத்தடிக்குப் போய், மங்கிப்போயிருந்த மஞ்சள் கோட்டின் மேல் நின்றாள். அங்கே நின்றால் ஊர் ஓடி வரும் என்று படத்தில் இருந்ததே, அதை நம்பித்தான் நின்றாள்.

ஊர் வெளியே வந்தது. அதே வாசல்கள், அதே முகங்கள். ஒவ்வொருவரும் அவரவர் படியில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் திட்டவுமில்லை. சாரல் மட்டும் லேசாக விழுந்துகொண்டிருந்தது. சித்தி முந்தானையால் குழந்தையின் தலையை மூடினாள்.

மாமா இறங்கி வந்து பத்தடி தள்ளி நின்றார். குழந்தை அவர் மீசையைப் பார்த்துச் சிரித்தது.

"யாரு வேணும்?" என்று கேட்டார்.

"அண்ணே... நாந்தான்."

"இங்கன அப்படி யாரும் இல்ல. வேற தெருவுல கேட்டுப் பாரு."

கோபமே இல்லாத குரல். வழிதவறி வந்த ஆளுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். சித்தி அவரைத் தாண்டி எங்கள் வாசலைப் பார்த்தாள். அவள் தேடியது அம்மாவை.

நான் உள்ளே ஓடித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். சிவப்புத் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. தட்டை என் கையிலிருந்து வாங்கினாள். அப்பாடா, இனி வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். அம்மா புறவாசலுக்குப் போய் அதை வாழைமூட்டில் ஊற்றினாள். தட்டைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"படத்துல மட்டும் அழுத?" என்று கத்தினேன்.

"அது ஷூட்டிங்குட்டி" என்றாள் அம்மா.

ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அந்த சீசன் முடிந்ததும் சித்தி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டாளாம். எங்கள் யாரிடமும் அவள் போன் நம்பர் கிடையாது. அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கும். சித்தியை வரச் சொன்னது நான்தான் என்று அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, அம்மா யாரிடமும் சொல்லவுமில்லை. அதற்கு அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

கணக்கு சாரும் தமிழ் டீச்சரும் கேட்டார்களே, அந்தப் படம் எடுபட்டது. ஒரே ஒரு ஆளிடம் முழுசாக எடுபட்டது. மற்றவர்களெல்லாம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவள் ஒருத்திதான் நம்பிக் கிளம்பி வந்தாள்.

இந்தப் பொங்கலுக்கும் டிவியில் போட்டான். மாமாவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல "நல்ல படம்" என்றார். அந்தக் கட்டம் வரும்போது மட்டும் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். திரையில் இருக்கும் அம்மா, "வாட்டி, உள்ள வா" என்றாள். அது முடிந்ததும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா பார்த்துக்கொண்டிருக்க, தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கச்சியை வா என்று வாய்விட்டுக் கூப்பிட அவளுக்கு அந்த ஒரு நாள்தான் வாய்த்தது. பதினாலு தடவை கூப்பிட்டும் போதாமல் இன்னொரு தடவை எடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், எங்கம்மாவுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுதான். நானும்தான் சிரித்தேன்.