நிற்காமல் ஓடிய இரண்டு விதிகள்

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நாட்களில் மன்னாரில் ஒரு வீட்டுத்திட்டக் கந்தோரில் எனக்குக் கணினி வேலை. யாருக்கு வீடு என்று தீர்மானிக்கும் விதிகளைக் கணினிக்கு எழுதிக் கொடுப்பது நான்தான். ஒரு குடும்பத்தின் விவரம் மாறினால், அதோடு தொடர்புள்ள விதிகளைக் கணினி தானாகவே மறுபடி பார்க்கும். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வங்காலைப் பெண் ஒருவரின் குடும்பத்தில் அது மாட்டிக்கொண்டது. அவருடைய கணவர் கடல்தொழில் செய்தவர். கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். கணவர் வீட்டில் இல்லையென்றால் மனைவியைக் குடும்பத் தலைவி ஆக்கு என்பது என் ஒரு விதி. கணவர் இறந்ததாகப் பதிவு இல்லையென்றால் அவரையே தலைவர் ஆக்கு என்பது இன்னொன்று. முதல் விதி மாற்றியதை இரண்டாவது திருப்பி மாற்றும். உடனே முதலாவது மறுபடி எழும்பும். கணினி ஓய்வதே இல்லை. பொல்லுக் கொடுத்து அடி வாங்கிய கதைதான். தலைவர் யாரென்று முடிவாகாத குடும்பத்துக்கு வீடும் இல்லை. அவரும் பிள்ளைகளும் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் இருந்தார்கள், மாரி மழை தொடங்கப்போகிறது.

‘காணாமல் போனவர்’ என்று தனியாக ஒரு வகையைச் சேர்த்தால் விதிகள் முட்டிக்கொள்ளாது. மேலதிகாரியிடம் கேட்டேன்.

“அப்பிடி ஒரு வகை இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பெண் வந்தபோது சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“அதை மட்டும் கேளாதேங்கோ, தங்கச்சி. ஆளைக் காணாமல் நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?”

கணவர் சுகமாகத் திரும்பி வர வேண்டுமென்று வருடா வருடம் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்கிறவர் அவர். ஒருமுறை அங்கே யாரோ அவர் கணவரின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட, பாதிப் பூசையில் எழும்பிப் போய்விட்டாராம்.

மிஞ்சியது ஒரே வழி. முதல் விதிப்படி ஒருமுறை தீர்மானித்தபின் இந்தக் குடும்பத்தைத் திரும்பப் பார்க்காதே என்று கணினிக்கு ஒரு பூட்டுப் போடலாம். வட்டம் அறுந்துவிடும். யாரையும் சாகடிக்கவும் தேவையில்லை. அதை அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

“அவர் வந்தால் பாக்குமோ?”

“தானாப் பாக்காது, அக்கா. இந்தக் குடும்பம் முடிஞ்சுதெண்டு விட்டிடும்.”

வெளியே கழுதை ஒன்று கத்தி ஓய்ந்தது.

“பூட்டுங்கோ,” என்றார். “பிள்ளையளுக்குக் கூரை வேணும். அவரைப் பாத்துக்கொண்டிருக்க நான் இருக்கிறன்தானே.”

பூட்டினேன். கணினி அப்போதே ஓய்ந்தது. குடும்பத் தலைவி என்று தன் பெயரைத் திரையில் கண்டதும் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வீடு கிடைத்த பெண்ணின் அழுகை இல்லை அது. என்னாலும் அடக்க முடியவில்லை.